போகும் வழியில் ஒரு கணக்கு

தபால்காரர் நம் வீட்டுக்குக் கடிதம் கொண்டு வருகிறார். உறையின் மேல் எழுதியுள்ள விலாசத்தைப் பார்க்கிறார். உரிய வீட்டில் சேர்க்கிறார். அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்ப்பதில்லை; பார்க்கவும் கூடாது. அதுவே அவருடைய தொழில் தருமம்.

கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்பும் நெடுங்காலமாக இந்தத் தபால்காரரைப் போலத்தான் வேலை செய்து வந்தது. ஆனால் இப்போதோ, "ஐயா, நீங்கள் எப்படியும் இந்த வழியாகத்தானே போகிறீர்கள்? போகும்போதே இந்தச் சிறு கணக்கையும் போட்டுக்கொண்டு போங்களேன்!" என்று அத்தபால்காரரிடம் அறிவியலார் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். இதனை வலையமைப்பினுள் கணித்தல் என்று கூறலாம். அக்கணக்கைப் பலதரப்பட்ட கருவிகளுக்கு எப்படிப் பங்கிட்டுக் கொடுப்பது என்பதே இத்துறையில் இன்று பெரிய கேள்வி. அதனைப் பற்றி நாம் அறிந்த அளவில் இக்கட்டுரையில் காண்போம்.

பழைய வழக்கம்

நாம் ஒரு புகைப்படத்தைத் தோழிக்கு அனுப்பினால் அது முழுதாக ஒரே துண்டாகப் போவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாக வெட்டப்பட்டே செல்கிறது. வழக்கமான ஈதர்நெட் பொட்டலம் ஒன்றில் அதிகமாக 1500 பைட் அளவே சரக்கு ஏற்றலாம். 30 இலட்சம் பைட் கொண்ட ஒரு படம் 2000-க்கும் மேற்பட்ட பொட்டலங்களாகப் பிரிந்து செல்லும். ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் விலாசம் இருக்கும். வழியிலுள்ள ஸ்விட்ச் என்னும் பெட்டி அதைப் படித்து, எந்தக் கம்பி வழியாக அனுப்ப வேண்டுமோ அந்தக் கம்பியில் தள்ளிவிடும். (சுவரில் விளக்குப் போடும் ஸ்விட்ச் வேறு, இது வேறு. பல கம்பிகள் வந்து கூடும் சந்திப்பு என்று இதனைக் கொள்ளலாம்.)

1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு ஆர்ப்பாநெட் வலையமைப்பின் முதல் செய்தி அனுப்பப்பட்டது. 'லாகின்' என்ற சொல்லை அனுப்ப முயன்றார்கள். 'எல்', 'ஓ' என்னும் முதல் இரண்டு எழுத்துகள் சென்று சேர்ந்ததும் மறுமுனைக் கணிப்பொறி நின்றுவிட்டது! இன்றைய இணையத்தின் தொடக்கம் அந்த இரண்டு எழுத்துகளே.

வலையமைப்பு வளர வளர, "அறிவு எங்கே இருக்க வேண்டும்? நடுவிலா, முனைகளிலா?" என்ற கேள்வி எழுந்தது. ஜெரோம் சால்ட்சர், டேவிட் ரீட், டேவிட் கிளார்க் என்னும் மூவர் 1984இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை ஒன்று இதற்கு விடை கூறியது. ஒரு கோப்பை ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். வழியிலுள்ள ஒவ்வொரு பெட்டியும் பிழை பார்த்தே அனுப்பினாலும், கடைசிக் கணிப்பொறி தன் வட்டில் எழுதும்போது பிழை நேரலாம் அல்லவா? ஆகவே முடிவான சரிபார்ப்பு முனையில்தான் நடக்க முடியும்; நடுவழியில் எத்தனை முறை பார்த்தாலும் அது முழுமை ஆகாது. கடைத்தெருவிலிருந்து யார் யார் கை மாறி வந்தாலும், மளிகைச் சாமானை வீட்டில் அம்மா ஒருமுறை நிறுத்துப் பார்ப்பதில்லையா? அதைப் போன்றதே இது.

நடுவில் இருப்பது எளிமையாக இருக்கட்டும். அறிவு முனைகளில் இருக்கட்டும் என்னும் இந்தக் கொள்கையினால்தான் இணையம் இவ்வளவு வேகமாக வளர்ந்தது என்றால் அது மிகையாகாது. புதிய பயன் ஒன்றைக் கண்டுபிடித்தவர் தம் கணிப்பொறியில் மட்டும் மாற்றம் செய்தால் போதும். நடுவிலுள்ள பெட்டிகளை யாரும் தொட வேண்டியதில்லை.

தபால்காரர் கணக்குக் கற்றார்

பழைய ஸ்விட்சுகளின் உள்ளேயிருந்த சிப்புக்குத் தெரிந்த வேலைகள் தொழிற்சாலையிலேயே முடிவு செய்யப்பட்டவை. புதிய வழக்கம் ஒன்றைக் கற்பிக்க வேண்டுமானால் புதிய சிப்பே செய்ய வேண்டும். அதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

2013ஆம் ஆண்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தாரும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தாரும் வேறு வழி ஒன்றைக் காட்டினர். வேகம் குறையாமலே, பின்னாளில் நாம் எழுதும் நிரலுக்கு ஏற்ப வேலை செய்யும் சிப்பை அமைக்கலாம் என்பதே அது. மறு ஆண்டு, 2014இல், அத்தகைய சிப்புகளுக்கு நிரல் எழுதுவதற்கென்றே 'பி4' என்னும் மொழி அறிமுகமானது. 2016இல் பேர்ஃபுட் நெட்வொர்க்ஸ் என்னும் நிறுவனம் 'டொஃபினோ' என்ற சிப்பை அறிவித்தது. அது ஒரு விநாடிக்கு 6.5 இலட்சம் கோடி பிட் அளவு செய்தியைக் கையாள வல்லது!

அதனுள் வேலை எப்படி நடக்கிறது? கட்டடம் கட்டுமிடத்தில் செங்கல் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கீழிருந்து மேல்மாடி வரை ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கல் மாறிக்கொண்டே போகும். இந்த வரிசையில் முதல் ஆள் கல்லின் தூசியைத் தட்டுகிறார், இரண்டாம் ஆள் சுண்ணாம்பால் குறி இடுகிறார், மூன்றாம் ஆள் தம் சிலேட்டில் எண்ணிக்கையைக் கூட்டி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு சிறு வேலைதான் செய்யலாம். கல்லைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது; பின்னால் அடுத்த கல் வந்துவிடும். போன கல்லைத் திரும்பக் கூப்பிடுவதும் இயலாது. முதல் டொஃபினோ சிப்பில் இப்படி 12 ஆட்கள், அதாவது 12 படிகள், வரிசையாக உள்ளன.

ஒரு கல் கைமாற ஆகும் நேரம் ஒரு நானோ விநாடி அளவே. ஒரு விநாடியை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு அது. அந்நேரத்தில் ஒளியே 30 சென்டிமீட்டர் தூரந்தான் செல்லும். ஓரடி அளவுகோல் ஒன்றின் நீளம் ஏறக்குறைய அவ்வளவே! அதற்குள் ஒரு படி வேலை முடிந்தாக வேண்டும். ஆகவேதான் இந்தச் சிப்பின் படிகளுக்கு வகுத்தல் தெரியாது. தசமப் புள்ளி உள்ள எண்களைக் கையாளத் தெரியாது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்றும் கிடையாது. சிலேட்டும் சிறியது. வேகம் மிகுதி, கல்வி குறைவு என்று சொல்லலாம்.

பதில் சொல்லும் தபால்காரர்

இவ்வளவு குறைந்த கல்வியை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? இரண்டு எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

பெரிய தரவு மையங்களில் செய்திகள் பல சர்வர்களில் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். 100 சர்வர்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு நாள் எல்லாரும் ஒரே செய்தியைக் கேட்டால் என்னவாகும்? அதை வைத்திருக்கும் ஒரு சர்வர் மட்டும் திணறும். மற்ற 99 சும்மா இருக்கும். நூலகத்தில் எல்லாரும் ஒரே புத்தகத்தைக் கேட்கும் நாளைப் போன்ற நிலை இது.

2017ஆம் ஆண்டு 'நெட்கேஷ்' என்னும் ஆய்வு இதற்கு ஒரு வழி கண்டது. மிக அதிகமாகக் கேட்கப்படும் சில செய்திகளை ஸ்விட்சே தன் சிலேட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது. கேள்வி வழியில் வரும்போதே விடையைக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறது. சர்வர் வரை கேள்வி போவதே இல்லை. ஏறக்குறைய 64,000 சிறு செய்திகளை வைத்துக்கொண்டு, ஒரு விநாடிக்கு 200 கோடிக்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு ஒரே ஸ்விட்ச் விடை சொல்ல முடியும் என்று அவ்வாய்வாளர்கள் காட்டினர். சர்வரில் செய்தி மாறினால்? பழைய விடையைச் சொல்லி ஏமாற்றிவிடக் கூடாதே! மாற்றுமாறு கட்டளை வழியில் வரும்போதே ஸ்விட்ச் தன் பிரதியை "இது செல்லாது" என்று அடித்துவிடும். சர்வர் புதியதை எழுதி அனுப்பிய பின்பே மீண்டும் விடை சொல்லும்.

வகுப்புத் தலைவியின் கணக்கு

இரண்டாவது எடுத்துக்காட்டைச் சொல்லுமுன் எங்கள் வகுப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மறைபரப்பு ஞாயிறுக்காக நாங்கள் காணிக்கை திரட்டுவது வழக்கம். ஒவ்வொருத்தியும் தன் தொகையைச் சீட்டில் எழுதி, பணத்தை உண்டியலில் போடுவாள். வரிசைக்கு ஒருத்தி சீட்டுகளைச் சேர்த்துத் தலைவியிடம் தருவாள். தலைவி கூட்டி ஒரே ஓர் எண்ணைத் தலைமைச் சகோதரியிடம் சொல்வாள். நாங்கள் 50 பேரும் தனித்தனியே அலுவலகத்துக்குப் போய் நிற்க வேண்டியதில்லை அல்லவா?

ஒருமுறை கணக்குக்கும் உண்டியலுக்கும் 20 ரூபாய் வித்தியாசம் வந்தது. சீட்டுகளின் கூட்டுத்தொகை அதிகம், பணம் குறைவு. எங்களில் சிலர் தலைவியைப் பார்த்த பார்வையே சரியில்லை. அவளோ ஒன்றும் பேசாமல் தன் பையிலிருந்த பஸ் கட்டணத்தை எடுத்து உண்டியலில் போடப் போனாள். பிறகு சீட்டுகளை மீண்டும் விரித்துப் பார்த்தபோது ஒரே கையெழுத்தில் இரண்டு சீட்டுகள் இருந்தன. முதல் சீட்டுத் தொலைந்துவிட்டதாக நினைத்து ஒருத்தி இன்னொன்று எழுதி அனுப்பியிருக்கிறாள். இரண்டும் வந்து சேர்ந்துவிட்டன! பணத்தில் தவறில்லை, எண்ணியதில்தான் தவறு. அன்று முதல் எங்கள் தலைவி, சீட்டு வந்ததும் வருகைப் பட்டியலில் பெயருக்கு எதிரே ஒரு குறி போட்டுவிட்டுத்தான் கூட்டுகிறாள். குறி ஏற்கெனவே இருந்தால் அந்தச் சீட்டைக் கூட்டுவதில்லை.

இனி ஆய்வுக்கு வருவோம். செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்கப் பல கணிப்பொறிகள் ஒரே நேரத்தில் பாடுபடுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொன்றும் தான் கண்ட திருத்தங்களை எண்களாக அனுப்ப, அனைத்தையும் கூட்டி எல்லாருக்கும் திருப்பித் தர வேண்டும். எண்கள் கோடிக்கணக்கில் இருப்பதால் கம்பிகள் நிரம்பிவிடுகின்றன. 2021இல் வெளியான 'ஸ்விட்ச்எம்எல்' என்னும் ஆய்வில் இந்தக் கூட்டலை நடுவிலுள்ள ஸ்விட்சே செய்தது. ஒவ்வொரு கணிப்பொறியும் ஒருமுறை அனுப்பி ஒருமுறை பெற்றால் போதும். சில பயிற்சிகள் 5.5 மடங்கு வரை விரைவாக முடிந்தன என்று அவ்வாய்வு கூறுகிறது.

ஸ்விட்சுக்குத் தசமம் தெரியாதே, எப்படிக் கூட்டியது? 12 ரூபாய் 50 காசை 1250 காசு என்று எழுதினால் புள்ளியே வேண்டியதில்லை. அதைப் போலவே அனுப்பும் கணிப்பொறி எண்ணைப் பெருக்கி முழு எண்ணாக்கி அனுப்பும். பெற்றுக்கொள்ளும் கணிப்பொறி திரும்ப வகுத்துக்கொள்ளும். சிலேட்டில் இடம் சிறிது என்பதால் எல்லா எண்களையும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் சிறிது சிறிதாக அனுப்புவார்கள். வழியில் பொட்டலம் தொலைந்து மறுபடி அனுப்பப்பட்டால்? அங்கும் எங்கள் தலைவியின் முறைதான்! யார் யாரிடமிருந்து வந்துவிட்டது என்று ஸ்விட்ச் குறி வைத்துக்கொள்கிறது. இரண்டாம் முறை வந்ததைக் கூட்டுவதில்லை. இதைப் படித்தபோது எங்களுக்கு எவ்வளவு வியப்பு!

எல்லாரும் ஒரே மாதிரி இல்லை

இதுவரை ஒரே ஸ்விட்சைப் பற்றிப் பேசினோம். உண்மையில் தரவு மையத்தின் வழிநெடுகப் பல வகைக் கருவிகள் உள்ளன. வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு நிறுவனங்களிடம் வாங்கியவை அவை.

முதலாவது, மேலே கண்ட நிரல்வழி ஸ்விட்ச். இதுவே மிக விரைவானது. ஆனால் படிகளும் நினைவும் குறைவு.

இரண்டாவது, 'எஃப்.பி.ஜி.ஏ.' என்னும் சிப். வாங்கிய பிறகும் இதன் உட்சுற்றையே நமக்கு வேண்டியபடி மாற்றி இணைத்துக்கொள்ளலாம். இவ்வகைச் சிப் விற்பனைக்கு வந்தது 1985ஆம் ஆண்டில். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015ஆம் ஆண்டின் இறுதி முதல் தன் தரவு மையங்களின் புதிய சர்வர்களில் இதனைப் பொருத்தியது. 2018ஆம் ஆண்டுக்குள் அவை 10 இலட்சத்தைத் தாண்டின.

மூன்றாவது, சர்வர் கம்பியோடு சேருமிடத்தில் செருகப்படும் ஸ்மார்ட் அட்டை. இதில் சிறு கணிப்பொறியே அடங்கியிருக்கும். வகுத்தலும் தெரியும், நினைவும் அதிகம், ஆனால் ஸ்விட்சைப் போல அத்தனை பொட்டலங்களைத் தாங்காது.

நான்காவது, சாதாரண சர்வர். இதற்குத் தெரியாத கணக்கே இல்லை. ஆனால் இதுவரை போய்த் திரும்பும் நேரமே அதிகம்.

"எதற்கு இத்தனை வகை? எல்லாவற்றையும் ஒரே சிப்பாக வாங்கிவிடலாமே!" என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நடந்தது என்ன? 2019இல் இன்டெல் நிறுவனம் பேர்ஃபுட் நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. 2023ஆம் ஆண்டு ஜனவரியில், டொஃபினோ வரிசையில் இனிப் புதிய சிப்புகளை உருவாக்கப் போவதில்லை என்று அறிவித்தது. அந்த ஒரு சிப்பையே நம்பிப் பல ஆண்டுகள் உழைத்து நிரல் எழுதியவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்! ஆகவே எந்தக் கருவிக்கும் பங்கிட்டுக் கொடுக்கக்கூடிய நிரல் வேண்டும் என்பது இன்று அவசியமாகிவிட்டது.

ஊர் கூடி இழுக்கும் தேர்

பங்கிடுவது எப்படி? ஒரு சிறு கணக்காகவே பார்ப்போம்.

நம் நிரலில் 18 படிகள் இருக்கின்றன. 16ஆம் படி ஒரு வகுத்தல் கணக்கு. வழியில் முதலில் ஒரு ஸ்விட்ச், அடுத்து இன்னொரு ஸ்விட்ச், கடைசியில் ஒரு ஸ்மார்ட் அட்டை. ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் 12 படிகள். ஆனால் விலாசம் பார்க்கும் தன் சொந்த வேலைக்கு 5 படிகள் போய்விட்டால் மீதி 7தான். (தபால்காரர் கணக்குப் போடுகிறேன் என்று கடிதம் கொடுப்பதை விட்டுவிடலாமா?) ஆகவே முதல் ஸ்விட்சுக்கு 1 முதல் 7 வரை, இரண்டாவதுக்கு 8 முதல் 14 வரை, வகுத்தல் அடங்கிய மீதி 4 படிகள் ஸ்மார்ட் அட்டைக்கு. கணக்கு முடிந்தது!

முடிந்ததா? இல்லை. இனிமேல்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதலாவது, 7ஆம் படியில் வந்த பாதி விடையை 8ஆம் படிக்கு யார் சொல்வது? பொட்டலமே சுமந்து செல்ல வேண்டும். அதன் தலைப்பில் ஒரு சிறு குறிப்பாக எழுதி அனுப்புவார்கள். குறிப்பு நீண்டால் சரக்குக்கு இடம் குறையும். ஆகவே பாதி விடை எங்கே சிறியதாக இருக்கிறதோ அங்கே நிரலை வெட்டுவதே நல்லது.

இரண்டாவது, தரவு மையத்தில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஒரே வழி இருப்பதில்லை. நெரிசலைத் தவிர்க்கப் பொட்டலங்களைப் பல வழிகளில் பிரித்து அனுப்புவர். நம் எடுத்துக்காட்டில் நடுவில் இரண்டு ஸ்விட்சுகள் பக்கம் பக்கமாக இருந்தால், பொட்டலம் எதன் வழியாகப் போகும் என்று தெரியாது. ஆகவே 8 முதல் 14 வரையுள்ள படிகளை இரண்டிலுமே வைக்க வேண்டும்.

மூன்றாவது சிக்கல்தான் மிக நுட்பமானது. 10ஆம் படியின் வேலை எண்ணுவது என்று வைத்துக்கொள்வோம். 700-க்கு மேல் போனால் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். மொத்தம் 1000 பொட்டலங்கள் வந்தன. ஒரு ஸ்விட்ச் வழியாக 600, மற்றொன்றின் வழியாக 400. 700ஐ எதுவுமே தொடவில்லை, மணி அடிக்கவில்லை! இரண்டு ஸ்விட்சுகளும் சரியாகத்தான் எண்ணின. ஆனாலும் விடை தவறு. ஆகவே எண்ணும் படியை, எல்லா வழிகளும் சேருமிடத்துக்கு மாற்ற வேண்டும். இல்லையேல் இரண்டு எண்ணிக்கைகளையும் அடிக்கடி ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

18 படிகளை 5 கருவிகளுக்குப் பங்கிட, விதிகளைப் பாராமல் எண்ணினால், ஏறக்குறைய 3,81,000 கோடி வழிகள் வருகின்றன. கையால் செய்யக்கூடிய வேலையா இது? பள்ளி திறக்குமுன் நம் ஆசிரியைகள் கால அட்டவணை போடுவதைப் பார்த்திருக்கிறோம். ஓர் ஆசிரியை ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் இருக்க முடியாது, ஆய்வுக்கூடம் ஒன்றே, விளையாட்டு வெயில் நேரத்தில் வேண்டாம் என்று எத்தனை நிபந்தனைகள்! அதே போல இங்கும் நிபந்தனைகளையெல்லாம் எழுதிக் கணிப்பொறியிடமே கொடுத்து, "இவை அனைத்துக்கும் பொருந்தும் பங்கீடு ஒன்று கண்டுபிடி" என்று கேட்கிறார்கள்.

2020இல் அலிபாபா நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட 'லைரா' இவ்வகையைச் சார்ந்தது. நிரலை ஒருமுறை எழுதினால் போதும். அதை நிபந்தனைகளாக மாற்றித் தீர்த்து, வெவ்வேறு நிறுவனச் சிப்புகளுக்கு அவையவை அறிந்த மொழியில் பகுதி பகுதியாக எழுதித் தரும். 2021இல் வெளிவந்த 'ஃப்ளைட்பிளான்' ஆய்வு, பி4 நிரலைத் துண்டுகளாக்கி ஸ்விட்ச், எஃப்.பி.ஜி.ஏ., சர்வர் ஆகியவற்றுக்குப் பிரித்துக் கொடுத்தது. 2023இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிறரும், வலையமைப்பின் எல்லா வழிகளையும் கருத்தில் கொண்டு வேலையைப் பரப்பும் முறையை வெளியிட்டனர். ஊர் கூடித் தேர் இழுப்பதென்றால் சும்மாவா? வடத்தை யார் பிடிப்பது, சக்கரத்துக்குக் கட்டை யார் போடுவது என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

எச்சரிக்கை

எதிலும் நன்மையோடு இடரும் உண்டு. உறையை ஒட்டி முத்திரை வைத்துவிட்டால் தபால்காரர் கணக்குப் போட முடியாது. அதுபோலப் பொட்டலங்களை மறைகுறியிட்டு அனுப்பினால் நடுவழிக் கணக்குக்கு வழியில்லை. பிரித்து அனுப்பினாலோ இரகசியம் போய்விடும். ஆகவே இம்முறை பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் தரவு மையச் சுவர்களுக்குள்ளேயே பொருந்துகிறது. மின்சாரம் போய் ஸ்விட்ச் மறுபடி தொடங்கினால் அதன் சிலேட்டு அழிந்துவிடும். ஐந்து கருவிகளில் பரவிய கணக்கில் பிழை வந்தால் எதில் வந்தது என்று தேடுவதும் கடினம்.

ஆகவே 1984ஆம் ஆண்டின் அந்தக் கட்டுரை பொய்யாகிவிடவில்லை. வேகத்துக்காக நடுவில் உதவி செய்யலாம் என்பதை அக்கட்டுரையும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் கடைசிச் சரிபார்ப்பு முனையில் இருந்தே ஆக வேண்டும். எங்கள் வகுப்பில் சீட்டுகளை யார் கூட்டினாலும், கடைசியில் உண்டியலைத் திறந்து எண்ணியதால்தானே பிழை தெரிந்தது?

நமக்கும் இடம் உண்டு

"இதெல்லாம் பெண்களுக்கு ஏன்?" என்று கேட்பவர்கள் இன்றும் உள்ளனர். அவர்களுக்கு நாம் சில பெயர்களைச் சொல்லலாம். 1965ஆம் ஆண்டு, அமெரிக்காவில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் ஒரு கன்னியாஸ்திரி! அவர் அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர். அயோவா மாநிலத்திலுள்ள கிளார்க் கல்லூரியில் கணினித் துறையைத் தொடங்கி 20 ஆண்டுகள் நடத்தினார். வலையமைப்பில் பொட்டலங்கள் வட்டமடித்துக்கொண்டே இருக்காதபடி, பெட்டிகள் தமக்குள் பேசி வழியை ஒரு மரம்போல அமைத்துக்கொள்ளும் முறையை 1985இல் கண்டவர் ராடியா பெர்ல்மன் என்னும் பெண்மணி. பி4 மொழியை அறிமுகம் செய்த கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியை ஜெனிபர் ரெக்ஸ்போர்ட். அவர்கள் சென்ற பாதையில் நாமும் ஏன் செல்லக் கூடாது?

முடிவுரை

புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 12ஆம் அதிகாரத்தில் உடலையும் உறுப்புகளையும் பற்றிப் பேசுகிறார். கண் கையைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல முடியாது என்பதை மறைக்கல்வி வகுப்பில் பலமுறை கேட்டிருக்கிறோம். வகுத்தல் தெரியாத ஸ்விட்ச் தாழ்ந்ததுமன்று. எல்லாம் தெரிந்த சர்வர் உயர்ந்ததுமன்று. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் தன் பாதி விடையை அடுத்ததற்கு உண்மையாகச் சொன்னால்தான் முழு விடை சரியாக வரும்.

அன்று 20 ரூபாய்க்காக எங்கள் தலைவியைச் சந்தேகித்த நாங்கள், பின்னர் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். யாரோ தவறு செய்தார்கள் என்று முடிவு கட்டுமுன், கணக்கு எப்படிப் பங்கிடப்பட்டது என்று பார்க்க வேண்டும் என்பதை அன்று கற்றோம். வலையமைப்பைப் படித்தபோது அதே பாடத்தை மீண்டும் ஒருமுறை கற்றோம். அன்புத் தோழியரே, நமக்குக் கிடைத்த பங்கு சிறியதாக இருக்கலாம். அதனைப் பிழையின்றிச் செய்து அடுத்தவர் கையில் கொடுப்போமாக!

- பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு